பதினேழாவது பெயர்

கார்பன் தாளின் நீலம் விரலில் ஒட்டினால் மூன்று நாளைக்குப் போகாது. தொண்ணூறுகளில் காரைக்குடியில் தட்டச்சு நிலையம் வைத்திருந்த எனக்கு விரல்கள் எப்போதும் அந்த நிறம்தான். வேகத்துக்குப் பேர் வாங்கியவள். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதோடுதான் சாரின் அறிக்கையை அடிக்க உட்கார்ந்தேன்.

சார் நாட்டரசன்கோட்டைக்காரர், ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் விசாரணை அதிகாரி. வெளிநாட்டில் கட்டட வேலைக்குப் போன நம்மூர் ஆட்கள் அடுத்தடுத்து இறந்ததை விசாரிக்கப் போனவரை, அதிகம் கேள்வி கேட்டார் என்று அங்கேயே சிறையில் தள்ளிவிட்டார்கள். ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பியபோது பார்வை முக்கால்வாசி போயிருந்தது. பத்துப் பேர் அறையில் நாற்பது பேர், முறை வைத்துத் தூக்கம், கக்கூஸ் குழாயில் குடிதண்ணீர், காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. அவர் ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டே போனேன்.

கடைசியில் பெயர்கள். வழக்கே இல்லாமல் உள்ளே கிடந்த தமிழர்கள். எழுதக் காகிதம் இல்லாததால், மாதா கோயிலில் மன்றாட்டு மாலை சொல்வதுபோல் அவர்கள் ஊரையும் பெயரையும் வரிசைகட்டி, ஒவ்வொன்றுக்கும் "இவனை மீட்டருளும்" என்று சேர்த்துத் தினமும் சொல்லி மனதில் ஏற்றியிருந்தார். எத்தனை பேர் என்று அவருக்கே தெரியாது, வரிசைதான் தெரியும். "நடுவுல நிறுத்திராதீகம்மா. நின்னா மறுபடி மொதல்ல இருந்துதான் வரும்" என்றார்.

இரண்டு முறை நிறுத்திவிட்டேன். மூன்றாம் முறை பதினாறாவது பெயரோடு தாள் முடிந்தது. புதுத் தாளைச் செருகுவதற்குள் அவர் ஒரு பெயரைச் சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் நான் வீட்டுக்குப் போகும் நேமத்தான்பட்டி பஸ் போய்விடும். முடிந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மறந்தே போனேன். "படிச்சுக் காட்டட்டுமா சார்?" என்று கேட்டதற்கு, "நீங்க அடிச்சா சரியாத்தாம்மா இருக்கும்" என்று தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை பத்திரிகையில் வந்து, அரசாங்கம் தலையிட்டு, பட்டியலில் இருந்தவர்கள் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தார்கள். ஒரு மத்தியானம் சார் என் நிலையத்தில் இருக்கும்போது மானகிரியிலிருந்து ஒரு அம்மா அவரைத் தேடி வந்தார்.

"எல்லாரும் வந்துட்டாக. எம் மகன் முருகேசன் மட்டும் வரல. அவன் பேரே அதுல இல்லையாம்ல. மறந்துட்டீகளா அய்யா?"

சார் கண்ணை மூடி முதலிலிருந்து சொன்னார். பதினேழாவதாக வந்தது: "மானகிரி முருகேசன், இவனை மீட்டருளும்." அவர் முகம் என் பக்கம் திரும்பியது. ஒரு நொடிதான். "நாந்தாம்மா விட்டுட்டேன். எம் மேலதான் தப்பு" என்றார்.

அன்றே மறுபடி எழுதினோம். பதில் வந்தபோது முருகேசன் காய்ச்சலில் இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இன்றைக்குக் கம்ப்யூட்டரில் விட்டுப்போன பெயரை எங்கே வேண்டுமானாலும் சேர்த்துவிடலாம். அதைச் செய்யும்போதெல்லாம் பட்டியலை முதலிலிருந்து ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிடுவேன்.

நாலு வருடத்தில் சார் காலமானார். அடக்கத்தில் ஆளுக்கொரு கைப்பிடி மண் போட்டோம். அந்த அம்மாவும் வந்திருந்தார். எடுத்த மண்ணைக் குழியில் போடாமல் கீழே உதறினார். "எம் பிள்ள பேர மறந்தவருக்கு நான் எதுக்குப் போடணும்?"

அவர் மறக்கவில்லை, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"எம் பிள்ளைக்காக நீயாச்சும் அழுகுறியே தாயி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை எடுக்கவில்லை.