தட்டிக்குப் பின்னால் நின்று திருடிய ஐகன் பாடம்

1. வெறும் நீலம்

அந்தத் திங்கட்கிழமை காலை சரோஜினி அக்காவின் கணினித் திரையில் ஒன்றுமே இல்லை. குப்பைக் கூடையும் இன்னும் இரண்டொரு படமும் மூலையில் கிடந்தன. மிச்சமெல்லாம் வெறும் நீலம்.

அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், என் வகுப்பு மாணவி. தன் ஊருக்குத் திரும்பி வந்த குடும்பங்களின் பெயர்களைக் அரசு கொடுக்கும் கூரைத் தகட்டுக்காக ஒற்றை விரலால் தட்டித் தட்டி மூன்று கிழமையாகப் பட்டியலாக்கியிருந்தார். புதன்கிழமை அதைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கொடுக்க வேண்டும்.

"சேர், வெள்ளிக்கிழமை பின்னேரம் துப்புரவாக்கினனான். நீங்கள் சொன்ன மாதிரித்தான்" என்றார்.

குப்பைக் கூடையைத் திறந்து பார்த்தேன். அதுவும் காலி.

2. அந்தப் பக்கத்துச் சிரிப்பு

இது நடந்தது 2004இல், வவுனியாவில், ஒரு சின்னக் கணினிப் பயிற்சி நிலையத்தில். ஒரே மண்டபம், நடுவில் பிளைவுட் தட்டி. இந்தப் பக்கம் என் வகுப்பு. அந்தப் பக்கம் றிஸ்வானா மிஸ்ஸின் வகுப்பு. இருவருக்கும் ஆறு மாத ஒப்பந்தம். அது முடிந்ததும் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்திருப்போம் என்று நிர்வாகி முதல் நாளே சொல்லிவிட்டார்.

நான் கொழும்பில் டிப்ளோமா முடித்தவன். றிஸ்வானா முல்லைத்தீவுப் பிள்ளை. இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, அங்கே ஒரு அச்சகத்தில் டைப்செட்டிங் செய்து கணினி பழகியவர். அந்த இடம் எனக்குத்தான் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

கணினி யோசிக்கும்போது திரையில் மணற்கடிகாரப் படம் ஒன்று வரும். அதை விளக்க நான் அரை மணித்தியாலம் எடுத்தேன். வகுப்பில் ஒருவரும் மணற்கடிகாரத்தைக் கண்ணால் கண்டதில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு மாணவர், "இதென்ன மிஸ், உடுக்கு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார்.

"உடுக்கு எண்டே வைங்க. அது போகும்வரைக்கும் ஒண்டையும் தொடாம இருங்க" என்றார் றிஸ்வானா.

அவ்வளவுதான், பாடம் முடிந்தது. மண்டபமே சிரித்தது. என் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த கிழமை என் வகுப்பிலிருந்து மூன்று பேர் அந்தப் பக்கம் மாறிப் போனார்கள். அவர்களில் ஒருவரை மறித்து ஏன் என்று கேட்டேன். "சேர், நீங்கள் படிப்பிக்கிறீங்கள். அவா கதைக்கிறா. கதைச்சா விளங்குது" என்றார்.

அதற்குப் பிறகு நான் தட்டியோடு காதை வைத்துக் கேட்கத் தொடங்கினேன். டிப்ளோமாக்காரன் ஒளித்து நின்று பாடம் கேட்டான் என்று எழுத இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை அவர் பலகையில் ஏதோ படம் கீறிக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்து எகிப்துல எழுத்தே படந்தான். தண்ணிக்கு இப்பிடி நெளிவு, மாட்டுக்கு மாடு. ஐகனும் அதே மாதிரித்தான். கத்தரிக்கோலக் கண்டா வெட்டுறது, பிரிண்டரக் கண்டா அச்சடிக்கிறது. ஆனா சிலது வேற மாதிரி. உங்கட மாட்டுக்குக் குறி சுடுறீங்களே, அந்தக் குறி மாடா?"

"இல்லை மிஸ். ஆருடைய மாடு எண்டு காட்டுற அடையாளம்."

"குறி அழிஞ்சா மாடு செத்துப் போகுமா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப டெஸ்க்டொப்பில கிடக்கிற குறிய அழிச்சா, உள்ளுக்குள்ள நிக்கிற மாட்டுக்கு ஒண்டும் ஆகாது."

அடடா, இது எனக்கு வரவில்லையே என்று இருந்தது. தட்டி இடுக்கால் பார்த்தால், நிர்வாகி கதவடியில் நின்று தலையை ஆட்டி ரசிக்கிறார். என் பக்கம் அவர் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை. வயிறு எரிந்தது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன்.

3. என் பெயரில் ஒரு பாடம்

மறுநாள் அதையே என் வகுப்பில் எடுத்தேன். இரவோடிரவாக ஒரு கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எகிப்தியக் கண், ஆந்தை என்று நாலைந்து படங்களைக் கூடச் சேர்த்திருந்தேன். குறி அழிந்தால் மாடு சாகுமா என்று கேட்டபோது என் வகுப்பும் சிரித்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"ஆனபடியால் டெஸ்க்டொப்பில குப்பை சேர்க்காதேங்கோ. அழிச்சிட்டு, கடைசியாக் கூடையையும் காலியாக்குங்கோ" என்று முடித்தேன். சரோஜினி அக்கா அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டார்.

நான் தேத்தண்ணிக்குப் போன பிறகு றிஸ்வானா சொன்னது எனக்குத் தெரியாது. மூலையில் சின்ன அம்பு போட்ட ஷோட்கட் ஐகன்தான் குறி என்று அவர் சொல்லியிருக்கிறார். அம்பு இல்லாமல் ஒரு ஃபைல் கிடந்தால் அதுதான் மாடு, அழித்தால் போய்விடும். சரோஜினி அக்காவின் பட்டியலில் அம்பு இருக்கவில்லை. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாததல்ல. அவருடைய பாடத்தை எனதாக்குகிற அவசரத்தில் அது என் புத்தியிலேயே வரவில்லை.

4. கடிதம்

அந்தத் திங்கட்கிழமை சத்தம் கேட்டு நிர்வாகி வந்து, சரோஜினி அக்காவின் பாடக் கொப்பியை வாங்கி வாசித்தார். "அந்த மாட்டுக் கதை றிஸ்வானாவின்ரை கதையெல்லோ? நானே நிண்டு கேட்டனான். இப்பிடியா படிப்பிக்கிறது?" என்று தட்டிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

சரோஜினி அக்கா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அந்தப் பாடத்தை எடுத்தது நான்தான் என்று நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்தது. இனி அந்த இடம் எனக்குத்தான்.

றிஸ்வானா நேரே சரோஜினி அக்காவிடம் வந்தார். "கையால எழுதின கொப்பி இருக்கா அக்கா?" என்று மட்டும் கேட்டார். அது இருந்தது. ஒருவர் பெயர்களை வாசிக்க மற்றவர் தட்டி, செவ்வாய் பின்னேரம் பட்டியலை முடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு என் மேசைக்கு வந்தார். "சேர், அண்டைக்குத் தட்டிக்குக் கீழால உங்கட சப்பாத்துத் தெரிஞ்சிச்சு. இன்னும் அஞ்சு நிமிசம் நிண்டிருக்கலாமே. உள்ள வந்திருந்தா ஒரு கதிரை இழுத்துப் போட்டிருப்பன்."

ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசித் தப்பியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் எழுந்து நிர்வாகியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஐசே, அவாவை வேலையால நிப்பாட்டக் கடிதமே அடிச்சிட்டன்" என்றார். மேசையிலிருந்த கடிதத்தை எடுத்து என் முன்னாலேயே கிழித்தார். நிரந்தர இடம் றிஸ்வானாவுக்குப் போனது. எனக்கு ஒப்பந்தத்தில் மிச்சமிருந்தது ஆறு கிழமை, ஒன்றரை மாதம்.

அந்த ஆறு கிழமையும் என் வகுப்பு இல்லாத நேரங்களில் அவருடைய வகுப்பின் கடைசி வரிசையில் போய் இருந்தேன். பொறாமை தணியும் என்று நினைத்தேன். தணியவில்லை, நாளுக்கு நாள் கூடியது, ஏனென்றால் அவர் அவ்வளவு நன்றாகப் படிப்பித்தார். ஆனால் ஒவ்வொரு பாடத்தையும் முடியும்வரை இருந்து கேட்டேன்.

புதிதாகப் படிப்பிக்க வருகிறவர்களுக்குப் பொறாமைப்படாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. படுங்கள், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுப் படுங்கள். மாட்டுக்குறிப் பாடத்தைப் பிறகு நான் பல இடங்களில் எடுத்திருக்கிறேன். இது றிஸ்வானா மிஸ்ஸின் பாடம் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன். மாணவர்கள் சிரிக்கும்போது எனக்கு இன்னமும் கொஞ்சம் எரியும்.