இலத்தூர்க் கிணற்றில் பிச்சையா அண்ணாச்சி பேசியது

தென்காசிச் சந்தையில் வைத்துத்தான் எனக்குச் செய்தி கிடைத்தது. நம் கம்ப்ரசர் செட்டில் குழாய் இழுக்கிற சுடலை, கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, "பிச்சையா அண்ணாச்சி போய்ட்டாருல்லா, ஒனக்குத் தெரியாதா?" என்றான். நெஞ்சுவலியாம். தகனமும் முடிந்துவிட்டதாம். எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! அவர் ஊரான ஆய்க்குடிக்கும் தென்காசிக்கும் நடுவே கடலா கிடக்கிறது? ஓர் ஆளை அனுப்பியிருக்கக் கூடாதா? பையைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். சந்தை என்றும் பார்க்கவில்லை.

கிணறு வெட்டும் செட்டில் நான் பாறை துளைப்பவன், அவர் பம்புக்காரர். மேலே கம்ப்ரசர் ஓடும். அதன் காற்றில்தான் என் துளைக்கருவியும் ஓடும், ஊறுகிற தண்ணீரை வெளியேற்றும் அவருடைய பம்பும் ஓடும். கிணற்றுக்குள் கரண்டும் வேண்டாம், புகையும் இல்லை. ஆனால் காற்றில் ஈரம் சேர்ந்தால் பம்பு முரண்டு பிடிக்கும். குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டால் காற்றுத் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கும். அதைத் திறந்து வடிப்பதற்கு அண்ணாச்சி வைத்த பெயர் 'மூக்குச் சிந்துவது'. காலையில் நம்மைக் கண்டதும், "தொட்டிக்கு மூக்குச் சிந்தியாச்சால?" என்றுதான் கேட்பார். சாப்பிட்டாயா என்று கேட்டதே கிடையாது. நல்ல மனுஷன்!

இலத்தூர்க் கிணறு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சாரல் நேரம். பக்கவாட்டு மண் சரிந்து, ஒரு பாறை என் காலை அமுக்கிவிட்டது. ஊற்று வேறு உடைத்துக்கொண்டது. பம்பு நின்றால் நான் முடிந்தேன். அண்ணாச்சி கயிற்றைப் பிடித்து இறங்கி வந்து, என் தலைமாட்டில் பாறைத் திட்டில் இருந்த பம்பின் அருகே நின்றுகொண்டார். மற்றவர்கள் கடப்பாரை போட்டு நெம்பினார்கள்.

அன்றைக்கென்று, ஈரக்காற்று விரிந்து குளிர்ந்து, பம்பு காற்றைத் துப்பும் வாயில் வெள்ளை வெளேரென்று ஐஸ் கட்டியது. வாய் அடைபட அடைபட ஓட்டம் மந்தமாகி, தண்ணீர் என் நெஞ்சுக்கு ஏறியது. அண்ணாச்சி காற்றை அடைத்து, ஐஸைத் தட்டி எடுத்து, மறுபடி திறந்தார். சற்று நேரத்தில் திரும்பவும் கட்டியது. "சுடுதண்ணி எறக்குங்கலே!" என்று கத்தினார். மேலே இருந்தவர்கள் கைக்குக் கிடைத்த டீத் தூக்கை இறக்கினார்கள். "சுடுதண்ணி கேட்டா டீயை அனுப்புதானுவ, கோட்டிக்காரப் பயலுவ" என்று திட்டிக்கொண்டே பம்பின் வாயில் ஊற்றினார். "மைதீனு, ஒனக்கு ஒரு வாய் வேணுமால?" என்று கேட்கவும் செய்தார். தண்ணீர் தாடையைத் தொட்டதும் வாப்பாவைக் கூப்பிட்டு அலறினேன். அவர் கை மாற்றி மாற்றி, ஒரு கையால் என் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஐஸைத் தட்டிக்கொண்டு, என்னிடம் விடாமல் பேசினார். கடைசியில் பம்பு வேகம் பிடித்தது. பாறையும் அசைந்தது.

நேற்று ஆய்க்குடிக்குப் போனேன். பிள்ளைகள் இல்லாத வீடு. மதினி மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கிணத்தப் பத்தி இங்கன ஒரு வார்த்த பேசினதில்ல தம்பி. ஊர்க்காரங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ்வளவு நேரம் ஒங்ககிட்ட என்னதான் பேசினாரு?"

"ஒங்களப் பத்தித்தான் மதினி. நீங்க வைக்கிற சொதியப் பத்தி. தேங்காப்பால் ஊத்தினதும் வீடு பூரா மணக்கும்னாரு. இன்னும் கொஞ்சம் கேக்க வெக்கப்பட்டு எந்திரிச்சிருவேன், நீ மேல ஏறி எங்க வீட்டுக்கு வா, ஒன் பேரச் சொல்லி நானும் வாங்கிச் சாப்பிடுதேன்னாரு."

 மதினி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நல்லாருக்குன்னு ஒரு நாள் சொன்னதில்லயே! எனக்கு வைக்கத் தெரியலன்னுல்லா நெனச்சிக்கிட்டிருந்தேன்."

அவர் பேச்சை அவர் வீட்டிலேயே சேர்த்துவிட்டேன். அது மதினிக்கு உரியது. ஐஸில் விறைத்துப்போன பிறகும் என் தலையை விடாத அந்தக் கையை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அண்ணாச்சி, நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, உங்கள் தலையைத் தாங்க நான் பக்கத்தில் இல்லாமல் போனேனே.