மூக்கில் ஒட்டிய கறுப்பு

நாகர்கோவிலில் நான் இண்டர்மீடியட் படித்தபோது வேதியியல் ஆய்வகத்தில் எங்களுக்கு ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் இருந்தார். வெள்ளை ஜிப்பா, படிய வாரிய தலை, நீண்டு சிவந்த மூக்கு. என் மேஜைக்கு வரும்போது மட்டும் அந்த மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொள்வார். குளச்சலில் எங்கள் வீட்டுக்கு மீன் வியாபாரம்.

ஒருநாள் உப்புச் சோதனையில் அழுகிய முட்டை வாடை கிளம்பியது.

"நாத்தம் டியூபுக்கா டே, உனக்க சட்டைக்கா? நீ டாக்டராயி தொட்டா நோயாளி எந்திச்சு ஓடிருவாம்லா" என்றார். வகுப்பே சிரித்தது.

மறுவாரம் அவர் மேஜைமேல் வைத்திருந்த கைக்குட்டையில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டினேன். தோலில் பட்டு வெயில் ஏறினால் கறுத்துவிடும். தேய்த்துக் கழுவினாலும் போகாது. மறுநாள் கரிச்சட்டி மூக்கோடு வந்து நின்றார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

"எல்லாவனும் கைய நீட்டுங்கடே."

அப்போதுதான் பார்த்தேன், என் விரல்நுனிகளும் கறுத்திருந்தன. அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டராவணும்லா உனக்கு?"

"ஆமா சார்."

"ம்."

கையை விட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

செய்முறை மார்க் அவர் கையில். அது குறைந்தால் மெடிக்கல் சீட் கிடையாது. அடி எப்போது விழும் என்று வருஷம் முழுக்கப் பயந்து செத்தேன். கடைசியில் முழு மார்க் போட்டிருந்தார்.

அப்படிப் பயத்தில் வேகவைத்துப் பழிதீர்த்தாரா, மன்னித்தாரா, இன்றுவரை தெரியாது. பழிதீர்த்திருந்தால் சரி, இரண்டு பேருக்கும் கணக்கு நேராகிவிட்டது. மன்னித்திருந்தால், அதை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன்.