மதாம் செலினின் ஏரி

பெரிய மார்க்கெட்டில் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சொன்னவர் மீன்காரம்மா அஞ்சலை. வீராம்பட்டினத்திலிருந்து கூடை கொண்டுவரும் அவரிடம்தான் மதாம் செலினும் நானும் பல வருடங்களாக மீன் வாங்கினோம்.

"இன்னா டீச்சர், இங்க நிக்கிறீங்க? மதாம் வீட்டாண்ட கூட்டமா இருக்குதாம். விடியக்காலையில போய்ட்டாங்களாம்." பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், "நல்ல வஞ்சிரம் வந்தா எடுத்து வையின்னு சொன்னாங்களே" என்றார். கைப்பேசியை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து மதாம் வீடு திரும்பி மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் பிரெஞ்சு, நான் கணக்கு. பள்ளி வாசலில் ஒரு கீற்றுப் புல்தரை இருந்தது நினைவிருக்கிறதா? இடைவேளையில் அதற்குக் காவல் நாங்கள் இருவரும்தான். ஒருமுறை கல்வித்துறை அதிகாரியே அதன் குறுக்கே நடந்து வந்தபோது, "முசே, புல்லு!" என்று மதாம் அதட்ட, அவர் துள்ளிக் குதித்து ஓரம் போனார். "வளர்றது எதுவா இருந்தாலும் மிதிக்கக் கூடாது, பசங்களும் அப்படித்தான்" என்பார். அவர் வகுப்பில் அடி வாங்கிய பிள்ளை யாரும் கிடையாது.

அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் சமையல்காரராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் அவருடைய படைப்பிரிவு வட இத்தாலியில் ஒரு பிரபுவின் பழைய மாளிகையில் சில வாரங்கள் தங்கியது. ஊர் திரும்பிய பிறகு போரைப் பற்றி யார் கேட்டாலும் அவர் மாளிகைக்குப் பின்னால் இருந்த ஏரியைப் பற்றித்தான் சொல்வாராம். "பப்பா வேற ஒண்ணும் சொல்ல மாட்டார் டீச்சர். அந்தத் தண்ணிய பாத்தப்புறம்தான் ஊருக்கு உசுரோட திரும்புவோம்னு நம்பிக்கை வந்துச்சாம். அங்க ஒரு தடவ நிக்கணும்" என்று மதாம் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதம், பிரெஞ்சு நகரமான லியோனில் இருக்கும் மகள் எலேன் வீட்டுக்குப் போனவர், துணைக்கு என்னையும் அழைத்துப்போனார். எலேனுக்கு வேலை இருந்ததால் ஓய்வூதியர்கள் போகும் சுற்றுலாப் பேருந்தில் எங்களை ஏற்றிவிட்டாள். மலையைத் தாண்டி மதியம் அந்த மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தோம். மஞ்சள் சுவர், வரிசை வரிசையாக ஜன்னல்கள். உள்ளே வழிகாட்டி கட்டிலையும் கண்ணாடியையும் காட்டிக்கொண்டிருக்க, மதாம் ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "ராஜா படுத்த கட்டில் யாருக்கு வேணும்? வாங்க, கீழ போவலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

பின்னால் சரிவாக இறங்கும் பெரிய புல்வெளி. அதன் முடிவில் உயர்ந்த மரங்கள். ஏரி கண்ணில் படவில்லை. பூங்காவை அமைத்தவர்கள் வேண்டுமென்றேதான் மறைத்திருக்கிறார்கள்; கணக்குப் புத்தகத்தில் விடையைக் கடைசிப் பக்கத்தில் வைப்பதில்லையா, அதுபோல. புல்வெளியைச் சுற்றி ஒரு சரளைக்கல் பாதை போயிற்று. இருவரும் யோசிக்காமலே அதில் திரும்பினோம். குறுக்கே போனால் பத்து நிமிடம்கூட ஆகாத தூரம். நாங்கள் முக்கால் மணி நேரம் நடந்தும் பாதியைத்தான் தாண்டியிருந்தோம். அங்கே அவருடைய முழங்கால் மடங்க மறுத்துவிட்டது.

கல் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தோம். புல் மேல் குழந்தைகள் உருண்டுகொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் துணி விரித்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. ஒரு நாய் ஓடியது. "மோன் தியே!" என்று மதாம் தலையில் கை வைத்தார். "நம்ம ஸ்கூல் புல்லுன்னே நெனச்சிட்டோமே டீச்சர்!" கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் நீர் நிற்கவில்லை.

பேருந்து கிளம்ப அரை மணி நேரமே இருந்தது. "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. ரெண்டு பேருமே பாக்காம போனா பப்பா கோச்சிக்குவார்." புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புல்லை மிதித்து, அறுபத்தாறு வயதில் ஓடினேன். மரங்களுக்கு அப்பால் போனேன். பார்த்தேன். மூச்சிரைக்கத் திரும்பி வந்து வாயைத் திறந்தேன்.

கையை உயர்த்தித் தடுத்தார். "சொல்லாதீங்க. இருக்குதா?"

"இருக்குது."

"போதும். மீதிய நானே வந்து பாத்துக்கறேன்."

ஊர் வந்ததும் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பிறகு தினமும் காலையில் பீச் ரோட்டில் நடைப் பயிற்சி. "இன்னிக்கி பாதி ஏரிக்குப் போயாச்சு" என்பார். சென்ற ஆண்டு ஒருநாள், "ஏரி வந்துடுச்சி டீச்சர்!" என்று கடலைப் பார்த்து நின்றார். அடுத்த மாதமே இதயம் பலவீனமாக இருக்கிறது, விமானப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் போவதற்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. "மதாம், இப்பவாவது சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "இன்னா டீச்சர், எனக்கு நாள் குறிச்சிட்டீங்களா? ஏப்ரல்ல போறோம்." நானும் தலையாட்டினேன். வற்புறுத்திச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று அடக்கம் முடிந்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சொல்லியிருந்தால், எழுந்து போய்ப் பார்க்க அவருக்கு ஒன்றும் மிச்சம் இருந்திருக்காது என்றும் தோன்றுகிறது.

மதாமிடமிருந்து உங்களில் பலர் ஒரு மொழியை எடுத்துக்கொண்டீர்கள். சிலர் அதை வைத்துக் கடல் தாண்டி வாழ்கிறீர்கள். என்னிடம் இருப்பது, மரங்களுக்கு அப்பால் நின்று நான் பார்த்த சில நிமிடங்கள். நான்கு ஆண்டுகளாக அவருக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தண்ணீரின் நிறத்தை எப்படிச் சொல்வது, எதை உதாரணம் காட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். எலேன் கேட்டாள், சொல்ல வாய் வரவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். அது அவருடையது. நான் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.