இடது பக்கம் இரண்டு பவுண்டு

பாய் இறந்த செய்தி எனக்கு மலைப்பாதையில் கிடைத்தது. கல்வராயன் மலையில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டு முடித்து, துறை ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தேன். மேலே சிக்னல் கிடையாது. கச்சிராப்பாளையம் பக்கம் இறங்கும்போது ஒரு வளைவில்தான் கைப்பேசிக்கு உயிர் வரும். வந்ததும் வரிசையாகச் செய்திகள் விழுந்தன. எல்லாவற்றிலும் ஒரே சேதி: துருகம் சாலை டயர் கடை ரஷீத் பாய் காலையில் மாரடைப்பில் காலமாகிவிட்டார். நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. ஒரு பிடி மண் போடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பள்ளிவாசல் முன்னால் அவருடைய தம்பி சலீமின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

கரும்பு லாரி ஓட்டுபவர்களுக்கும், டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும், ரிஷிவந்தியத்திலிருந்தும் எலவனாசூர்கோட்டையிலிருந்தும் டயரை வண்டியில் கட்டி எடுத்துவந்து அந்தக் கடை வாசலில் காத்திருந்தவர்களுக்கும், ஆக உங்கள் எல்லோருக்கும், அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கு டயர் வேண்டும் என்று அவரிடம் போய் நின்ற ஒரே ஆள் நான்தான். அந்த வகையில் நீங்கள் பார்க்காத ஒரு பாயை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் சொல்லாமல் விட்ட ஒன்றும் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவன். ஐம்பது வயதில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. திருக்கோவிலூர்ப் பக்கம் மாட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில், கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவே ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் நிற்பதைப் பார்த்தேன். இரண்டே இருக்கை. இருபது வயதுக்கு மேல் ஆன வண்டி. அதை வாங்கிப் பழுது பார்த்து ஓடவும் வைத்துவிட்டேன். சென்னைக்கு முன்னால் உள்ள பந்தயத் தடத்தில், கட்டணம் கட்டினால் யாரும் தன் சொந்தக் காரை ஒரு நாள் முழுக்க ஓட்டலாம் என்று தெரிந்தபோது கிறுக்கு முற்றியது. என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பாய் சிரித்தார்.

"மாட்டு டாக்டருக்கு ரெண்டு சீட்டு காரா? கன்னுக்குட்டிய எங்கங்க குந்த வெப்பீங்க?"

கழற்றிய டயரைச் சொந்தக்காரர் குனிந்து பார்க்காமல் அவர் புது டயரை மாட்டமாட்டார். நீங்கள் எல்லோரும் அந்தக் கடைத் தரையில் குந்தியிருக்கிறீர்கள், நானும் குந்தினேன். என் முன் டயர்களில் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. அதை விரலால் தடவிவிட்டு, "வளைவுக்குள்ள போன பொறவு பிரேக்க மிதிக்கிறீங்க டாக்டர். முன்னாடியே மிதிச்சிடுங்க" என்றார். அதுவரை அவர் என் காரில் ஏறியதே இல்லை. குளம்பைப் பார்த்து மாட்டின் நடையைச் சொல்கிற எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

நான் கேட்டது இருப்பதிலேயே மிருதுவான பந்தய டயர். ரப்பரில் வெட்டிய கோடே அதிகம் இல்லாமல், ரோட்டை அட்டை மாதிரி கவ்விக்கொள்ளும் ரகம். அவர் முடியாது என்றார்.

"பிடிப்பு ஜாஸ்தியானா டயருக்கு ஒண்ணும் ஆவாது, காருதான் ஒடையும். உள்ள இருக்கற புஷ்ஷு, பேரிங்கு எல்லாம் அந்தக் காலத்து டயருக்குன்னு செஞ்சது. வளைவுல ஆயிலு ஒரு பக்கமா ஒதுங்கிச்சின்னா எஞ்சினே பூடும்."

எனக்குக் கோபம் வந்தது. கள்ளக்குறிச்சியில் லாரி டயர் விற்பவருக்குப் பந்தயத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, வீட்டில் சத்தமாகவே சொன்னேன். அவருக்குத் தெரியாமல் வெளியூரில் ஒருவரிடம் சொல்லி, நான் கேட்ட ரகத்திலேயே நான்கு வெளிநாட்டு டயர்களை வரவழைத்தேன். சுற்றிய தாள்கூடப் பிரியாத புது டயர்கள். அவற்றை மாட்டித் தரச் சொல்லிப் பாய் கடைக்கே கொண்டுபோனேன், வேறு போக்கிடம் எது?

பாய் தாளைப் பிரித்தார். கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்திப் பார்த்தார், பதியவில்லை. பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்து, டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களைப் படிக்கச் சொன்னார். முதல் இரண்டும் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டும் எந்த ஆண்டு. அந்த டயர்கள் பிறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

"மாடு வாங்கறவனுக்குப் பல்லப் புடிச்சிப் பாத்து வயசு சொல்றவரு நீங்க. கெய மாட்ட உங்க தலையிலயே கட்டிட்டானுங்களே!" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த நான்கு டயர்களை அவர் கடைசி வரை மாட்டவில்லை. இறுகிப்போன அந்த ஏழு வருடக் கிடங்குச் சரக்கில் நான் வளைவில் போய்ப் புரண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு யோசித்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அதற்குப் பிறகு டயரை அவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டேன். என் காருக்குப் பொருந்தும் அளவு இப்போது அரிது. சேலம், புதுச்சேரி என்று தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டார். இரண்டு முறை வந்ததைத் தேதி பார்த்துத் திருப்பி அனுப்பினார். கடைசியில் கிடைத்தது நடுத்தரமான ஒரு ரகம். சாலைக்கும் ஆகும், தடத்துக்கும் ஆகும், மழைக்கும் கோடு உண்டு. எனக்கு முகம் கொஞ்சம் சுண்டியது. அதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "தடத்துல ஒரு சுத்துக்கு ரெண்டு நொடி ஜாஸ்தியானா இன்னா? வூட்டுக்கு ஓட்டிக்கினு வரணும்ங்க. வூட்டுக்குக் கொண்டாந்து சேக்காத டயரு இன்னாத்துக்கு?"

காற்று எவ்வளவு வைப்பது என்பதை அவர் ஊகத்துக்கு விடவில்லை. ஒரு காலை நேரத்தில் டயர்களின் வெளி ஓரத்துத் தோள்பட்டையில் சாக்பீஸால் கோடு போட்டார். வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் ஓட்டச் சொல்லி, என் இடப்பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார். அவர் உருவம் உங்களுக்குத் தெரியும். பெல்ட்டை முழுக்க இழுத்தால்தான் பூட்டும். சில வளைவுகளுக்கு ஒருமுறை நிறுத்தி, கோடு எவ்வளவு அழிந்திருக்கிறது என்று பார்ப்பார். டயர் அதிகமாகச் சாய்ந்தால் கோடு அதிகம் அழியும். இடது பக்கம் அதிகம் அழிந்திருந்தது. அந்தப் பக்கம் இரண்டு பவுண்டு காற்றைக் கூட்டினார். இறங்கும்போது நான்கு டயரிலும் கோடு ஒரே மாதிரி இருந்தது. கோமுகி அணைக்குப் பக்கத்தில் டீ குடித்தோம். இருவருக்கும் ரொம்பப் பெருமை.

தடத்தில் முதல் சுற்றிலேயே அந்தப் பெருமை போய்விட்டது. வலது வளைவு ஒவ்வொன்றிலும் வண்டியின் பின்பக்கம் வழுக்கியது. ஒருமுறை முழுதாகச் சுழன்று புல்லில் போய் நின்றேன். உயிர் போய் உயிர் வந்தது. வெளியே வந்து, பக்கத்தில் கார் நிறுத்தியிருந்த இரண்டு பேரிடம் பாயைத் திட்டித் தீர்த்தேன். எங்கள் ஊரில் லாரிக்கு டயர் போடுகிற ஆள், அவரை நம்பி வந்தேன், என்னைக் கொல்லப் பார்த்தார் என்றேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். அதை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மதிய இடைவேளையில் வாசல் காவலர் வந்து, உங்களைத் தேடி ஒருவர் நிற்கிறார் என்றார். போய்ப் பார்த்தால் பாய். சட்டை முழுக்க வேர்வை. பையில் காற்று பார்க்கும் கருவி. காலையில் முதல் பேருந்தைப் பிடித்து ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கி, வெயிலில் நடந்து வந்திருந்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாராம். என் போன் பைக்குள் கிடந்தது. நான் ஏதும் கேட்பதற்கு முன்பே பேசினார்.

"டாக்டர், தப்பு என்னுது. மலையில நா பக்கத்துல குந்திக்கினு இருந்தேன் பாருங்க, அத மறந்துட்டேன். இடது பக்கம் அழிஞ்சது காரு குத்தம் இல்ல, என் வெயிட்டு. இங்க நீங்க மட்டுந்தான ஓட்டறீங்க? விடிகாலையில சுபுஹு தொயுவசொல்ல நெனப்பு வந்துச்சி. அதுக்கு மேல கடையத் தெறக்க மனசு வர்ல."

அந்த இரண்டு பவுண்டை இறக்கினார். சூட்டில் காற்று ஏறும் என்று நான்கிலும் இன்னும் கொஞ்சம் குறைத்தார். மதியம் கார் ஓடிய ஓட்டத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதே டயர், அதே வளைவு. வண்டி கோடு பிடித்ததுபோல் திரும்பியது. அவர் தகரக் கூரைக்குக் கீழே நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் கையை ஆட்டினார். மாலையில் ஊருக்குக் கிளம்பும்போது, இடது பக்கத்தில் ஏறி உட்காருவதற்கு முன், அந்த இரண்டு பவுண்டை மறக்காமல் திரும்ப ஏற்றினார்.

வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். காலையில் திட்டியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருடம், வாரம் ஒருமுறையாவது அவரைப் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

வருடத்துக்கு இரண்டு முறைதான் தடத்துக்குப் போவேன் என்பதால் அந்த டயர்களில் வெட்டுக் கோடு இன்னும் தேயாமல் இருக்கிறது. போன மாதம் அவரே கூப்பிட்டு, "ஆறு வருஷம் ஆயிடிச்சி டாக்டர். கோடு இருக்குதேன்னு பாக்காதீங்க, கயட்டிடுங்க" என்றார். வருகிறேன் என்றேன். போவதற்குள் இப்படி ஆகிவிட்டது.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்துக் காரைக் கடைக்குக் கொண்டுபோனேன். சலீம் டயர்களைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "அண்ணன் கையால மாட்னது. நல்லாதான கீது, கயட்டணுமாங்க?" என்றார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. வீட்டில் ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் கழற்றச் சொன்னதே அவர்தானே. நான்கையும் கழற்றினோம். தரையில் குந்தி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஓரம், நடு எல்லாம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. அப்போதுதான் சலீமிடம் சொன்னேன்: அன்றைக்குத் தடத்தில் உங்கள் அண்ணனை ஊர் பேர் தெரியாதவர்களிடம் கேவலமாகத் திட்டினேன், கடைசி வரை அவரிடம் சொல்லவில்லை.

சலீம் சிரித்துவிட்டார். "அண்ணனுக்குத் தெரியுங்க. அன்னிக்கே வந்து சொன்னாரு. 'கேட்டுல என்னியப் பாத்ததும் டாக்டரு மூஞ்சி செத்துப்போச்சிடா, நல்லா திட்டியிருக்காரு போல. என்னிக்கினா வாயத் தொறக்கறாரான்னு பாப்பம்'னாரு. நீங்க வந்துட்டுப் போறப்பல்லாம், 'இன்னிக்கும் சொல்லலடா'ன்னு சிரிப்பாரு."

பழைய டயர்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது, யாரும் கேட்பதற்கு முன்பே 'தப்பு என்னுது' என்று சொல்வதற்காக அவர் பேருந்தில் வந்த அந்த ஒரு காலைதான். ஐம்பத்தேழு வயதில் அதைப் பழக ஆரம்பித்திருக்கிறேன். பாய், தப்பு என்னுது.