இரண்டு நாற்பதுக்குத் தூக்கிய தலை

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் பல்செட் இந்தப் பாலைவன மணலில் விழட்டும். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். டிக்கெட் இல்லாத பேயை நடுவழியில் இறக்கிவிட்டவன். ஆனால் அன்று…

மெக்சிகோவில், எங்கள் சொனோரா மாநிலத்தில், ஸ்பானியர் கட்டிய பழைய மிஷன் கோயிலில், புனித சவேரியாரின் மரச் சுரூபம் கட்டிலில் படுத்திருக்கும். திருவிழாவன்று ஒவ்வொருவரும் அவர் தலைக்கடியில் கைகொடுத்துத் தூக்கி, கண்ணை மூடி முத்தமிட வேண்டும். மனசு சுத்தமானவனுக்குத் தலை பஞ்சு. மற்றவனுக்குப் பாறை.

எனக்குப் பாறை. ஒன்பது வருடமாக!

ஃபெர்மினுக்குப் பஞ்சு. அவன் என் மகனுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் நாங்கள் இருவரும் ‘கொம்பாத்ரே’. ஒற்றைக் கையால் தூக்குவான். ஊரே கைதட்டும். எல்லோரையும்விடச் சத்தமாக என் மனைவி தொமித்தீலா.

“கொம்பாத்ரே மனசு அப்படி. நீங்க முக்குற முக்கைப் பாத்து சவேரியாரே பயந்துட்டாரு!”

வயிறு எரிந்தது. அந்தச் சூட்டில் ஊருக்கே தோர்த்தியா ரொட்டி சுட்டிருக்கலாம்.

திருவிழாவுக்குப் பதினோரு நாள் முன்பு, ஊர் உண்டு உறங்கும் மதியத்தில், ஒத்திகை பார்க்கத் தனியாகப் போனேன். மணி இரண்டு முப்பத்தெட்டு. கதவைத் தள்ளினேன். க்ரீச்ச்…

வெயிலில் இருந்து வந்த கண்ணுக்குக் கட்டில் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மேலே போர்வை. அது மெல்ல ஏறி… இறங்கியது.

காற்று என்று நினைத்தேன். சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

கண்ணை மூடினேன். கையை நுழைத்தேன். தலையணை ஈரம். வியர்வை ஈரம்.

தூக்கினேன்.

பஞ்சு!

முத்தமிட்டேன். நெற்றி சுட்டது…

மரம் சுடுமா?

அப்போதும் பொறாமைதான் வாய் திறந்தது. காதோரம் சொன்னேன்: “இந்த வருஷம் ஃபெர்மினுக்குக் கனக்கணும்.”

“ம்…”

கையை உருவிக்கொண்டு ஓடினேன். பின்னால், தொப்!

வாசலில் கோயில்பிள்ளை நிக்கனோர் மறித்தார். “உள்ள என்னய்யா வேலை? சவேரியாரைக் கரையான் அரிச்சிருக்குன்னு காலையிலயே மராமத்துக்கு ஏத்தி அனுப்பியாச்சு. கட்டில்ல வெறும் போர்வைதான் கெடக்கு.”

மாலையில் ஃபெர்மின் வந்தான். அவன் வீடு பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. இரண்டு கையாலும் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தான்.

“மதியம் தூங்கிட்டிருந்தேன், கொம்பாத்ரே. யாரோ என் தலையத் தூக்கி, முத்தம் குடுத்து, தொப்புன்னு போட்டுட்டாங்க. அப்போ புடிச்சு பாறாங்கல்லா கனக்குது. மணி பாத்தேன். ரெண்டு நாப்பது.”

தூக்கிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் செத்துப்போனான்.

சவப்பெட்டியின் தலைப்பக்கத்தை நாலு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. நான் போய் ஒற்றைக் கை கொடுத்தேன்.

பஞ்சு.

ஊரே வாய் பிளந்து பார்த்தது. தொமித்தீலாவும்தான். ஒன்பது வருடமாக நான் ஏங்கிய அதே பார்வை.

யாரும் கைதட்டவில்லை. பெட்டிக்குள்ளிருந்து, எனக்கு மட்டும் கேட்டது…

“ம்…”