வலையோடு தேடப் போன படகுகள்

அந்தக் காலையில் படகுகள் கிளம்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஜெட்டி என்று நாங்கள் சொல்லும் படகுத்துறையில் நானும் சித்தியும் நின்றிருந்தோம். முதல் நாள் மாலை, மழையில் வலை இழுத்துக்கொண்டிருந்த சித்தப்பா ஆற்று முகத்துவாரத்தில் தவறி விழுந்து காணாமல் போயிருந்தார். எல்லாப் படகும் அவரைத் தேடித்தான் போகிறது என்று சித்தி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் படகுகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வலை இருந்தது. அதைச் சித்தியிடம் நான் சொல்லவில்லை.

வலை இருந்தால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். மலேசியாவில் குவாலா சிலாங்கூருக்கு வடக்கே, சேற்றில் கால் நட்டு வீடு கட்டிய மீனவக் கிராமமான எங்கள் கம்பத்தில் அதுதான் எல்லாம். சீனர்கள் படகு வைத்திருந்தார்கள். மலாய்க்காரர்களுக்கு அந்த ஆற்றின் குணம் தெரியும். எண்பதுகளில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது, லயத்து வீடுகளை விட்டு வந்த நம் தமிழ் ஆண்கள் படகில் கூலிக்கு ஏறினார்கள். பெண்கள் நாங்கள் இறால் உரிக்கக் கொட்டகையில் உட்கார்ந்தோம். இத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு வழக்கம் இருந்தது. கடலில் ஒருவர் காணாமல் போனால் எல்லாப் படகும் வலையை ஜெட்டியில் இறக்கி வைத்துவிட்டுத் தேடப் போகும். மூன்று நாளைக்கு யாரும் மீன் பிடிக்க மாட்டார்கள். வலை கூட இருந்தால் கண் மீன் பக்கம் போய்விடும் என்பதால் இந்த ஏற்பாடு. அதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் படகு முதலாளியின் தம்பி விழுந்தபோது ஜெட்டி முழுக்க வலை குவிந்து கிடந்தது, நடக்க வழியில்லை. சித்தப்பா சோறு தண்ணி இல்லாமல் தேடினார். உடம்பைக் கண்டெடுத்த படகில் அவரும் இருந்தார்.

அந்தச் சித்தப்பாவே விழுந்தபோது இறால் காலம். வலையை இறக்காததற்கு வேறு ஒரு காரணமும் இல்லை. மதியம் படகுகள் திரும்பியதும் கொட்டகையில் கூடை கூடையாக இறாலைக் கொட்டினார்கள். இன்னும் துள்ளிக்கொண்டிருந்த இறால். செய்தி வரும் என்று அங்கேயே காத்திருந்த சித்தி அந்தக் குவியலைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் அந்த முதலாளி பக்கத்தில் வந்து, "இன்றைக்கு நீ வேலை செய்ய வேண்டாம், வீட்டுக்குப் போ" என்று மலாயில் சொன்னார். பெரிய மனசுதான். ஒரு கூடையைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

அவரை மட்டும் திட்டி என்ன? அன்று வலையோடு போன படகொன்றில் என் அப்பாவும் இருந்தார். சித்தப்பாவுக்குச் சகலை, தோட்டத்திலிருந்து ஒன்றாக வந்தவர்.

"வலைய எறக்கச் சொல்லி நீங்களாச்சும் கேட்டீங்களாப்பா?"

"கேட்டா நாளைக்கு நம்மள போட்டுல ஏத்த மாட்டாங்க லா. வயிறு இருக்கில்ல?"

வயிறு எல்லோருக்கும் இருந்தது. முதலாளியின் தம்பி விழுந்த அன்றும் இருந்தது. அன்று ஏன் ஒருத்தருக்கும் பசிக்கவில்லை என்று கேட்டேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் சாகும்வரை சித்தி அவரோடு பேசவில்லை. சித்தப்பாவின் உடம்பு கிடைக்கவே இல்லை. கல்யாணப் போட்டோவை வைத்துக் காரியம் செய்தோம்.

சித்தி இப்போது ரவாங்கில் என்னோடு இருக்கிறார். போன வருடம் திடீரென்று அந்த ஜெட்டியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார், அழைத்துப் போனேன். கொட்டகை இருந்த இடத்தில் மீன் சாப்பாட்டுக் கடைகள். சுற்றுலா வந்தவர்களுக்கு ஓர் இளைஞன் ஒலிபெருக்கியில் கம்பத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தான். "இங்கே யாரும் இனம் பார்த்ததில்லை. ஒருவர் காணாமல் போனால் ஒரு படகும் மீன் பிடிக்காது." எல்லோரும் கை தட்டினார்கள்.

சித்தி மலாயில், குரலை உயர்த்தாமல், "என் புருஷன் காணாமல் போனபோது எல்லாப் படகும் மீன் பிடித்தது" என்றார்.

அவன் சிரித்தான். "பாட்டிக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் மாறியிருக்கும்" என்றான். கூட்டமும் சிரித்தது.

ஒரு கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிழவர் சிரிக்கவில்லை. எங்கள் தவுக்கே. சித்தியை அவருக்கு நன்றாகவே அடையாளம் தெரிந்தது. ஆமாம், அந்த அம்மா சொல்வது நிஜம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பையன் வாயை மூடியிருப்பான். அவர் தடியை ஊன்றி எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"தவுக்கேவுக்கு ஞாபகம் இருக்கு. எனக்கு அது போதும், வா போலாம்" என்று சித்தி என் கையைப் பிடித்தார்.

எனக்குப் போதவில்லை.